துண்டுக்கடியில் ஒரு குளிர்ந்த கை

உருளைக்கிழங்குக்குப் பொறுமை உண்டு. தக்காளிக்கு அது பிறவியிலேயே கிடையாது. மேட்டு ஊருக்கும் எங்கள் ஊருக்கும் உள்ள வித்தியாசம் மொத்தமும் இவ்வளவுதான். மீதியெல்லாம் படித்தவர்கள் பிற்பாடு எழுதிச் சேர்த்துக்கொண்டது.

மேட்டு ஊர் மலைமேல் இருக்கிறது. வருஷத்தில் பாதி அங்கே பல் கிட்டும். கிழங்கைத் தோண்டி ஒரு கொட்டகையில் கொட்டிக் கதவைச் சாத்திவிட்டால் போதும், சம்பளம் வாங்காத காவல்காரன் மாதிரி குளிர் அதைப் பார்த்துக்கொள்ளும். விலை ஏறுகிற அன்றைக்குத் திறந்தால் சரி. நாங்கள் இருப்பது அடிவாரத்தையும் தாண்டி, ஆறு களைத்துப்போய்க் கடலில் விழுகிற இடத்தில். இங்கே வெயிலும் ஈரமும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். காலையில் பறித்த தக்காளி சாயங்காலம் முகம் மாறும், மறுநாள் கண்ணீர் விடும், அப்புறம் ஈக்களுக்குக் கல்யாணம்தான்.

பேரம் என்றால் ஏதோ வாய்ச்சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். யாரால் அதிக நேரம் சும்மா உட்கார்ந்திருக்க முடியும் என்கிற போட்டி அது. அந்தப் போட்டிக்கு அவர்கள் கிழங்கோடு வந்து உட்காருகிறார்கள், நாங்கள் தக்காளியோடு. அப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே அவர்கள் கிடங்கு கட்டினார்கள். கிடங்கில் மிஞ்சியதை வைத்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் ஆற்றை மறித்து அணை கட்டி, அதில் கரண்ட் எடுத்து, அதை எங்களுக்கே விற்றார்கள். என் மகளின் பாடப்புத்தகம்கூட மேலேயிருந்துதான் அச்சாகி வருகிறது. "குளிர்ப் பிரதேச மக்கள் இயல்பிலேயே சுறுசுறுப்பானவர்கள். வெப்பப் பிரதேச மக்கள் ஓய்வை விரும்புபவர்கள்" என்று அவள் கத்தி மனப்பாடம் செய்வாள். அப்போதுதான் லோடு இறக்கிவிட்டு வந்த அவள் அப்பா சிமெண்ட் தரையில் மல்லாந்து கிடப்பார்.

"கரெக்டாதான் எழுதியிருக்கான். நான் இப்ப ஓய்வைத்தான் விரும்புறேன்" என்பார், கண்ணைத் திறக்காமல்.

எங்களுடையது தக்காளி மண்டி. விவசாயிகள் கொண்டுவந்து இறக்குவார்கள், நாங்கள் வாங்க வருகிறவரிடம் விலை பேசித் தள்ளிவிடுவோம். அப்பா நடத்தியது. அவர் போன பிறகு துண்டு என் தோளுக்கு வந்தது.

துண்டு என்றால் தோளில் போடுகிற அதே துண்டுதான். விலையை வாயால் சொன்னால் சுற்றி நிற்கிறவன் காதில் விழும், அவன் அடுத்த கடையில் போய் ஊதிவிடுவான். அதனால் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, விரலால்தான் பேசுவது. இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு, மூன்றைப் பிடித்தால் மூன்று, கையையே முழுசாகப் பிடித்தால் ஐந்து. எதிராளி தலையை ஆட்டி விரலை விட்டுவிட்டால் வியாபாரம் முடிந்தது. அதற்கப்புறம் வானம் இடிந்து விழுந்தாலும் பேச்சு மாறக்கூடாது. மாறினால் அந்த ஆள் கையை மார்க்கெட்டில் வேறு யாரும் தொட மாட்டார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. முகத்தைப் பழக்கிவிடலாம், கையைப் பழக்க முடியாது. அவசரத்தில் இருக்கிறவன் கை வேர்க்கும். எங்கள் ஊரில் தொட்டில் குழந்தைக்கும் கை வேர்க்கும், அது வெயிலின் வேலை. ஆனால் மேட்டுக்காரன் அதை அவசரம் என்றே எடுத்துக்கொள்வான். எடுத்துக்கொண்டதிலும் தப்பில்லை, அவசரமும் இருந்தது.

எங்களிடம் வாங்க வருகிறவர் மேட்டு ஊர்ப் பெரியவர் ஒருவர். அப்பா காலத்திலிருந்து வருகிறார். நேரில் நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன், முதுகுக்குப் பின்னால் மார்க்கெட் முழுக்க அவருக்கு ஐஸ்கை என்று பெயர். அவ்வளவு சில்லென்று, காய்ந்த மரக்கட்டை மாதிரி இருக்கும் அவர் கை. அப்பா போன புதிதில் ஒரு பொம்பளை துண்டு போடுவதா என்று நாலு பேர் முணுமுணுத்தபோது, "கைக்கு ஏதுய்யா ஆம்பளை பொம்பளை? போடும்மா துண்டை" என்று உட்கார்ந்தவர் அவர்தான். நல்ல மனுஷர். உட்கார்ந்து இரண்டு விரலைப் பிடித்தார். அப்பாவுக்கும் இரண்டு விரல்தான், எனக்கும் இரண்டு விரல்தான். நான் மூன்றைக் காட்டினால் சிரிப்பார், வெற்றிலை டப்பாவைத் திறக்கிற நிதானத்தில் மூக்குப்பொடி டப்பியைத் திறப்பார், காத்திருப்பார். என் பின்னால் பெட்டியிலிருந்து சாறு சொட்டும்.

அந்தச் சத்தம் பொறுக்க முடியாமல்தான் குளிர் ரூம் கட்டினோம். அப்பாவின் பழைய லாரியை விற்றோம், விவசாயிகளும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். அது ஓட ஆரம்பித்த அன்று என் தம்பி உள்ளே போய்ப் படுத்துவிட்டான், இழுத்துக்கொண்டு வரவேண்டியிருந்தது. "அக்கா, அவங்க ஏன் முன்னேறினாங்கன்னு இப்பதான் புரியுது. தூக்கம் என்னமா வருது!" என்றான்.

ரூம் வந்த பிறகு ஐஸ்கை முதல் தடவை வந்தபோது வழக்கம்போல் இரண்டு விரலைப் பிடித்தார். நான் கையை உருவிக்கொண்டு, "இன்னிக்கு வேண்டாம் மாமா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றேன். மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. அவர் கொஞ்சநேரம் ரூம் கதவைப் பார்த்தார். "பார்க்கலாம்மா" என்று எழுந்து போனார். அன்றிலிருந்து வந்த சரக்கையெல்லாம் உள்ளே அடுக்கினோம், விவசாயிகள் கொடுத்தது, எங்களுடையது, எல்லாம். கதவுவரைக்கும் பெட்டி.

இதற்கு நடுவில் இன்னொரு விஷயம். என் வீட்டுக்காரருடைய அண்ணன் தம்பிகள் எல்லாரும் மேட்டுக்குப் போய்விட்டவர்கள். அங்கே கிடங்கில் மூட்டை தூக்குகிறார்கள். போனவர்கள் இருமலோடு எப்போதாவது வருவார்கள், அவர்கள் பிள்ளைகள் யாரோ விருந்தாளி என்று கதவுக்குப் பின்னால் ஒளியும். இவருக்கும் ஐஸ்கையின் கிடங்கில் வேலை காத்திருந்தது. ஊர் திரும்பிய ஒருத்தனிடமிருந்து பழைய சுவெட்டர் ஒன்றையும் வாங்கிவந்து மண்டியில் தராசுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்தார். அந்தப் புழுக்கத்தில் அதைப் பார்த்தாலே உடம்பு அரிக்கும்.

"இந்தத் தடவையும் அவர் வச்சதுதான் விலைன்னா, நான் அந்த லாரியிலேயே ஏறிடறேன்" என்றார்.

"ஏறுங்க. யார் வேண்டாம்னது?"

"கோவிச்சுக்காத. ரெண்டு விரல் விலைக்கு ரெண்டு பேர் எதுக்கு இங்க?"

அவர் சொன்னதில் கணக்குப் பிழை இல்லை. அதனால்தான் எரிச்சல் வந்தது.

ஐஸ்கை மறுபடி வருவதாகச் சொல்லியனுப்பியிருந்த அன்று, விடிந்ததும் தம்பி ஓடிவந்தான்.

"அக்கா, ரூம் மூச்சு விடல."

போய்ப் பார்த்தேன். கம்ப்ரசர் வாயை மூடிக்கொண்டிருந்தது. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. மின்சார ஆபீஸுக்குப் போன் போட்டேன்.

"அணையில தண்ணி இல்லம்மா" என்றான் அங்கிருந்தவன். பாவம், அவனுக்கும் குரல் கம்மியிருந்தது. "மேல இந்த வருஷம் பனியே சரியா விழலையாம். உருகுறதுக்கு என்ன இருக்கு?"

"எப்ப வரும்?"

"பனி விழட்டும்மா."

"யோவ், நான் ரூம் நிறையத் தக்காளி வச்சிருக்கேன்யா!"

"நான் ரெண்டு மாவட்டம் வச்சிருக்கேன்" என்று போனை வைத்துவிட்டான்.

பனி விழவில்லை என்ற வார்த்தை என் காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. அப்போது என் மண்டையில் இருந்ததெல்லாம் ஒன்றுதான். காத்திருப்பதற்காகக் கட்டிய ரூமுக்கும் மூச்சு அவர்கள் ஊரிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"கதவைத் திறக்காதீங்க. உள்ள இருக்கிற குளிர் உள்ளேயே இருக்கட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். சுவெட்டரை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

தம்பி சும்மா இருக்கிற ஜாதி இல்லை. மழையில் முற்றத்துத் தண்ணீரை இறைக்கிற பழைய டீசல் இன்ஜினை ரூமுக்குப் பின்பக்கம் உருட்டிக்கொண்டு போனான்.

"அதுல கரண்ட் வராதுடா."

"சத்தம் வருமில்ல? ரூம் ஓடுற மாதிரி இருக்கும்."

கயிற்றை இழுத்தான். டபடபவென்று சுவரே ஆடியது.

"கம்ப்ரசர் இப்படியாடா கத்தும்? கிழவன் இருமுற மாதிரி இருக்கு."

"அவருக்கென்னக்கா தெரியும்? அவங்க ஊர்ல இதெல்லாம் தேவையே இல்லையே."

எனக்கு அதைவிடக் கை பெரிய கவலை. காலையிலேயே உள்ளங்கை ஊறிப்போயிருந்தது. இந்தக் கையைத் துண்டுக்குள் நீட்டினால் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரத் தேவையில்லை. பக்கத்து மீன்கடையில் ஒரு வாளி ஐஸ் கேட்டு வாங்கினேன். ஐஸ்கையின் லாரி தெருமுனையில் திரும்புகிறவரை அதற்குள் மணிக்கட்டுவரை கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரலெல்லாம் செத்துவிட்டன. நன்றாகத் துடைத்துக்கொண்டேன்.

அவர் வந்து உட்கார்ந்தார். முன்னால் வைத்திருந்த மாதிரிப் பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். அது அன்று காலையில் பறித்தது, சிரித்துக்கொண்டிருந்தது.

"ரூம் ஓடுதாம்மா?"

"சத்தம் கேட்கலையா மாமா?"

"கேட்குது. எங்க தாத்தா காலத்துத் தண்ணி மோட்டார் மாதிரி கேட்குது."

"வெளிநாட்டு மோட்டார் மாமா. அதுக்கு நம்ம மொழி வராது."

சிரித்தார். துண்டை விரித்தேன். கையைக் கொடுத்தேன்.

பிடித்ததும் ஒரு கணம் தயங்கினார். என் கை அவருக்குச் சில்லென்றிருந்திருக்கும். அதே கணத்தில் நானும் தயங்கினேன். அவர் கை ஈரமாக இருந்தது. முதலில் என் ஐஸ்தண்ணீர்தான், சரியாகத் துடைக்கவில்லை போல என்று நினைத்தேன். ஐஸ்தண்ணீர் இவ்வளவு வெதுவெதுப்பாக இருக்காதே. அவர் மணிக்கட்டிலிருந்து என் விரலிடுக்கில் வழிந்தது.

ஐஸ்கைக்கு வேர்க்கிறது. என் அப்பா கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

இரண்டு விரலைப் பிடித்தார். நான் அசையவில்லை. அவர் தோளுக்கு மேலாக லாரியைப் பார்த்தேன். எப்போதும் கிழங்கு மூட்டையோடு இறங்கி வந்து, அதை இங்கே தள்ளிவிட்டு, தக்காளியோடு ஏறிப்போகிற லாரி. இன்றைக்கு அதன் தார்ப்பாய் வயிறு ஒட்டிப்போய்க் கிடந்தது. அப்போதுதான் மின்சார ஆபீஸ்காரன் சொன்னது காதிலிருந்து மண்டைக்கு ஏறியது. மேலே பனி விழவில்லை. பனி இல்லையென்றால் குளிர் இல்லை, குளிர் இல்லையென்றால் கொட்டகையில் கிழங்கு தூங்காது. இவரிடம் உட்கார்ந்து காத்திருக்க ஒன்றும் இல்லை. இவர் ஊர்க் கடைகள் காலியாகக் கிடக்கும். வெறும் லாரியோடு இவர் மலை ஏற முடியாது.

அவர் கையை முழுசாகப் பிடித்தேன்.

"ஏம்மா!" என்றார் வாய்விட்டே.

"வெயில் ஜாஸ்தி மாமா இன்னிக்கு. மோர் குடிக்கிறீங்களா?"

அவர் மூன்று விரலுக்கு ஏறினார். நான் கொட்டாவி விட்டேன். பொய்க்கொட்டாவிதான், ஆனால் விட ஆரம்பித்ததும் நிஜமாகவே வந்துவிட்டது. இத்தனை வருஷத்துக் கொட்டாவி. அப்படியே உட்கார்ந்திருந்தோம். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் பேரத்தில் காத்திருந்தேன். நினைத்த அளவுக்கு ருசியாக இல்லை. முதுகு வலித்தது.

தராசுப் பக்கம் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல், என்னவோ எடைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் இன்ஜின் இரண்டு தரம் விக்கி நின்றது.

தெருவில் போகிற சைக்கிள் மணிகூடக் கேட்டது. ஐஸ்கை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஐஸின் குளிர் என் விரல்களைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் சூடு ஏறுவது எனக்கே தெரிந்தது. இன்னும் கொஞ்சநேரம் போனால் எது யார் வேர்வை என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அவர் நான்கு விரலைப் பிடித்தார்.

ஐந்துக்கு இழுத்திருக்கலாம். அப்பா இருந்திருந்தால் இழு என்றிருப்பார். நான் தலையை ஆட்டி விரலை விட்டேன்.

மார்க்கெட்டில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. தம்பி கையெல்லாம் டீசலோடு ஓடிவந்து என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு குதித்தான். என் வீட்டுக்காரர் எடைக்கல்லைக் கீழே வைத்தார். "நாலா?" என்றார். "நாலு" என்றேன். அவர் போய் ஆணியிலிருந்த சுவெட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதை எடுக்காமல் ரூம் கதவைத் திறக்கப் போனார்.

கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. சூடாக, இனிப்பாக, கொஞ்சம் புளிப்பாக. பழம் இன்னும் அழுகவில்லை. அதன் ஆயுள்தான் குறைந்துபோயிருந்தது. ஐஸ்கை வாசலில் நின்று ஒரு பழத்தை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார். பேச்சு மாற முடியாது, கை விட்டாகிவிட்டது. அவர் மாற்றவும் இல்லை.

"கை நல்லா குளிர்ந்துதான் இருந்துச்சும்மா" என்றார். "மீன் வாசனைதான் கொஞ்சம் இடிச்சுது."

"உங்க கை வேர்த்திருந்துச்சே மாமா."

"தெரிஞ்சுதா?"

"வழிஞ்சுது மாமா."

அவர் கவிழ்த்துப்போட்ட பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். திடீரென்று வயசு தெரிந்தது.

"எங்க தாத்தா கொட்டகைக்குப் பூட்டுப் போட்டதே இல்ல. குளிர்தான் பூட்டு. போன வாரம் கதவைத் திறக்கிறேன், அத்தனை கிழங்கும் முளைவிட்டுக் கையை நீட்டிக்கிட்டு நிக்குது, பிச்சை கேட்கிற மாதிரி." மூக்குப்பொடி டப்பியை எடுத்தார், திறக்கவில்லை. "நாங்க என்னவோ கெட்டிக்காரங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தோம்மா."

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இரண்டு தலைமுறையாக இரண்டு விரல் வாங்கின வீட்டில் பிறந்தவள் நான். ஆனால் ஓட்டப்பந்தயத்தில் பக்கத்தில் ஓடினவன் கால் இடறி உட்கார்ந்ததால் முதலில் வந்தவள் மாதிரி இருந்தது. என் காலும் இடறித்தான் இருந்தது.

"இது மேல போய்ச் சேர்றதுக்குள்ள பாதி சாறாயிடும்" என்றார் அவர். "ஒண்ணு அழுகினா பக்கத்துல இருக்கிறதையும் கெடுக்கும். வழி நெடுகப் பொறுக்கிப் போட்டுக்கிட்டே வர ஒரு ஆள் வேணும்." சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

அந்த வேலைக்கு எங்கள் மண்டியில் வேறு ஆள் இல்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"போய்ட்டு வந்துடறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டுப் போனாங்க."

"நாலு விரல் வாங்கிக் கொடுத்திருக்க. சரக்கு போய்ச் சேர வேண்டாமா?"

எந்த லாரியில் ஏறக்கூடாது என்று இத்தனை பாடும் பட்டேனோ, அதே லாரியில் ஏறுவதற்கு அவர் சுவெட்டரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதெதுக்குப்பா?" என்றார் ஐஸ்கை.

"மேல குளிருமே?"

"நானே வீட்டுல ஃபேன் வாங்கி மாட்டியிருக்கேன்."

சுவெட்டர் ஆணிக்கே திரும்பியது. லோடு ஏற்றி முடித்து லாரி கிளம்பியது. பின்பக்கம் பெட்டிகளுக்கு நடுவில் அவர் குந்தியிருந்தார். தெருமுனை திரும்புவதற்குள்ளேயே ஒரு பழத்தை எடுத்து வெளியே வீசுவது தெரிந்தது.

வந்துவிட்டார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் எனக்கே அவர் வாசலில் வந்து நிற்கிறவரை தெரியாதே. காலிப் பெட்டிகளோடு அதே லாரி வந்து நின்றது, அவர் இறங்கினார், கூடவே ஒரு மூட்டையும் இறங்கியது. சட்டையெல்லாம் தக்காளிக் கறை. முக்கால்வாசி சரக்கு தேறிவிட்டதாம். தரையில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார்.

"என்ன மூட்டை?"

"முளைவிட்ட கிழங்கு. சும்மா கொடுத்தாரு. முளையைக் கிள்ளிட்டுச் சாப்பிடலாமாம்."

"மேல எப்படி இருக்கு?"

"இங்க மாதிரிதான். சட்டையைக் கழட்டிட்டு வாசல்ல உட்கார்ந்திருக்காங்க. என்ன, அவங்களுக்குச் சரியா உட்காரத் தெரியல. பழகணும்." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேட்கச் சொன்னாரு. அடுத்த விதைக்கு வைக்கிற கிழங்கை மட்டும் நம்ம குளிர் ரூம்ல போட்டுக்கலாமான்னு."

நான் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகும் அவர் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம ரூமுக்குக் கரண்ட் எங்கேயிருந்து வருதுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். அணையிலேருந்துதானேன்னாரு."

"அணையில தண்ணி?"

"போற வழியில பார்த்தேன். அடியில இருக்கிற பாறை தெரியுது."

கரண்ட் இப்போது வருகிறது, போகிறது. வருகிறபோது ரூம் மூச்சு விடுகிறது, போகிறபோது நாங்கள் விடுகிறோம். மூட்டையை அவிழ்த்துக் கிழங்குகளைத் தரையில் கொட்டினேன். வெள்ளையும் ஊதாவுமாக நீட்டிக்கொண்டிருந்த முளைகளைக் கத்தியால் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட ஆரம்பித்தேன். சில கிழங்கு கைபட்டதும் அமுங்கியது.

"அவர்கிட்ட என்ன சொல்லட்டும்?"

"வந்து துண்டு போடச் சொல்லுங்க. அப்ப பேசிக்கலாம்."

"சரி" என்று மல்லாந்தார்.

உள்ளே மகள் பாடத்தைத் திரும்பவும் ஆரம்பித்திருந்தாள். "குளிர்ப் பிரதேச மக்கள் இயல்பிலேயே சுறுசுறுப்பானவர்கள். வெப்பப் பிரதேச மக்கள் ஓய்வை விரும்புபவர்கள்." வழக்கமான பதிலுக்காகக் கத்தியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் தூங்கிப்போயிருந்தார். அடுத்த கிழங்கை எடுத்தேன்.